ரயிலில் பாடிய சிறுமி: கே.பி. சுந்தராம்பாள் வரலாற்றை எப்படிப் படிப்பது?



"நான் போற்றும் கலைஞர்", "விடாமுயற்சி வெற்றி தரும்" போன்ற தலைப்புகளில் கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவர்களில் பலர் மூன்றே வரியில் ஒரு வாழ்க்கையை முடித்துவிடுகிறார்கள். ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். ஒரு பெரியவர் அவருடைய திறமையைக் கண்டெடுத்தார். பிறகு புகழ் பெற்றார். அவ்வளவுதான்!

இலக்கணப் பிழை இல்லாமல் எழுதியிருப்பார்கள். ஆனால் படித்து முடித்த பிறகு மனத்தில் ஒன்றும் தங்காது. ஏன் தெரியுமா? இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில் இருக்கும் பல வருட உழைப்பு காணாமல் போய்விடுகிறது. அந்த இடைவெளியில்தான் வரலாறே இருக்கிறது. கே.பி. சுந்தராம்பாளின் வாழ்க்கையை வைத்து அதைப் பார்ப்போம்.

இவரை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்திருக்கும். தைப்பூச நாளில் சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்தாலும் சரி, பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் போனாலும் சரி, முருகனை உச்சக் குரலில் கூப்பிட்டுப் பாடும் ஒரு பெண் குரலைக் கேட்டிருப்பீர்கள். நான் இருக்கும் செம்பவாங்கில் இதற்கு ஒரு தனித் தொடர்பும் உண்டு. அந்தக் கோயில் ஈசூனுக்கு வருவதற்கு முன், செம்பவாங் கடற்படைத் தளத்தை ஒட்டி வாழ்ந்த தொழிலாளர்கள் வழிபட்ட கோயிலாக இருந்தது. 1938-இல் திறக்கப்பட்ட அந்தத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்கள் கேட்டு வளர்ந்த இசைத்தட்டுக் குரல்களில் இவருடையதும் ஒன்று. தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள், "கே.பி.எஸ்." என்று மூன்றே எழுத்தில் பதில் வரும்.

பெயரிலேயே ஒரு செய்தி

முதலில் அந்த எழுத்துகளையே எடுத்துக்கொள்வோம். 'கே' என்பது கொடுமுடி. ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையே காவிரிக் கரையில் இருக்கும் ஊர். 'பி' என்பது பாலாம்பாள். அது அவருடைய தாயின் பெயர். தந்தை பெயரின் முதல் எழுத்தைப் போடுவதுதான் அன்றும் இன்றும் வழக்கம். இவர் தாயின் பெயரைத்தான் கடைசிவரை சுமந்தார்.

1908-ஆம் ஆண்டு பிறந்த சுந்தராம்பாளுக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கையும் உண்டு. குடும்பத்தைத் தாங்கியவர் தாய்தான். வீட்டில் வறுமை. கொடுமுடி வழியாக ஈரோடு–திருச்சி ரயில் பாதை செல்கிறது. அந்த ரயில்களில் ஏறி, பெட்டி பெட்டியாகப் பாடி, பயணிகள் தரும் காசை வாங்கிக்கொண்டு வருவது சிறுமியின் வேலை ஆனது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். "சிறு வயதிலேயே இசை ஆர்வம் கொண்டிருந்தார்" என்று நம் மாணவர்கள் எழுதுவது இந்த இடத்தைத்தான். ஆர்வம் இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பாட்டு வீட்டுக்கு அரிசி வாங்கித் தர வேண்டிய பாட்டு. இதை மறைத்து எழுதினால் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. ஒரு குழந்தை பாடியதும் அது ஒரு குழந்தை செய்த வேலை என்பதும் இரண்டுமே கட்டுரையில் வர வேண்டும்.

ரயில் பெட்டியில் பாடுவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சக்கரச் சத்தம், நிலையச் சத்தம், பேசிக்கொண்டே இருக்கும் கூட்டம். அத்தனையையும் தாண்டிக் குரல் கேட்க வேண்டும். அடுத்த நிலையம் வருவதற்குள் ஆட்களைத் தன் பக்கம் திருப்ப வேண்டும். பின்னாளில் பெரிய பெரிய மேடைகளை ஆண்ட குரலுக்கு முதல் பயிற்சி இப்படித்தான் கிடைத்தது.

யார் கண்டெடுத்தார்?

இந்தக் கேள்விக்கு இரண்டு விதமான பதில்கள் வழங்கிவருகின்றன.

ஒரு வரலாற்றின்படி, ரயில்வே அதிகாரியும் நாடக ஆர்வலருமான எஃப்.ஜி. நடேச ஐயர் ஒரு ரயில் பயணத்தில் இவர் பாடுவதைக் கேட்டு, மேடைக்குக் கொண்டுவந்தார். அப்போது இவருக்கு 19 வயது, ஆண்டு 1927 என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். இன்னொரு வரலாற்றின்படி, கரூரில் இருந்த காவல்துறை அதிகாரி ஒருவர் சிறுமியின் பாட்டைக் கேட்டு, வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்த்துவிட்டார்.

இரண்டையும் அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1926-இல் இலங்கையில், கொழும்பு மேடையில், எஸ்.ஜி. கிட்டப்பாவோடு இவர் ஜோடியாக நடித்தார் என்பது பலரும் எழுதிவைத்த செய்தி. அதற்கும் முன்னாலேயே 'நல்லதங்காள்' நாடகத்தில் சிறு பிள்ளை வேடம் போட்டவர் இவர். அப்படின்னா, 1926-இல் கொழும்பில் பேர் வாங்கிய நடிகையை 1927-இல் ரயிலில் 'கண்டெடுக்க' முடியுமா? நடேச ஐயர் இவருக்கு உதவியிருக்கலாம், பெரிய இடங்களில் அறிமுகம் செய்து வைத்திருக்கலாம். ஆனால் தொடக்கம் அங்கே இல்லை.

மாணவர்களே, வரலாற்றுப் பாடத்தில் 'சான்றுகளை ஒப்பிடுதல்' என்று படிக்கிறீர்கள் இல்லையா? இதுதான் அது. ஆண்டுகளை வரிசைப்படுத்தினாலே ஒரு கதையின் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும்.

இரண்டு கதைகளுக்கும் பொதுவான ஒன்றையும் கவனியுங்கள். இரண்டிலுமே ஒரு பெரிய மனிதர் நடுவில் வருகிறார், கதை அவரைச் சுற்றித் திரும்பிவிடுகிறது. சிறுமி கண்டெடுக்கப்படும் பொருளாக ஓரத்தில் நிற்கிறாள். உதவியவர்களை மறக்கக்கூடாது, நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவர்கள் கேட்டது ஏற்கெனவே பழுத்திருந்த ஒரு குரலை. அதைப் பழுக்க வைத்தது யார் என்று கேட்டால் பதில் சிறுமியிடமே போய்ச் சேரும்.

நாடகக் கொட்டகை என்னும் பள்ளிக்கூடம்

சுந்தராம்பாள் கற்ற இடம் நாடக மேடை. அந்தக் கால நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் இவருடைய உழைப்பு புரியும்.

தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படுபவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்தவர். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'நல்லதங்காள்' போன்ற கதைகளைப் பாட்டும் வசனமுமாக மேடைக்கு எழுதிக் கொடுத்தவர். சிறுவர்களை மட்டுமே வைத்து நடத்திய 'பாய்ஸ் கம்பெனி'கள் ஒரு பக்கம் இருந்தன. இன்னொரு பக்கம் 'ஸ்பெஷல் நாடகம்' இருந்தது. ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஆளுக்கு ஓர் ஊரிலிருந்து வருவார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பாலபார்ட் என்று அவரவர் வேடத்துக்குரிய பாட்டும் வசனமும் அவரவருக்கு முன்பே மனப்பாடமாக இருக்க வேண்டும். மேடையில் எதிரே நிற்பவர் புதிதாக ஒரு கேள்வியைப் பாட்டிலேயே போட்டால், அதே ராகத்தில், அதே தாளத்தில் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் கொட்டகை முழுவதும் சிரிக்கும்.

ஒலிபெருக்கி பரவலாகாத காலம். ராத்திரி தொடங்கினால் விடியும்வரை நடக்கும். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். அதனால்தான் அந்தக் கால நடிகர்கள் மிக உயர்ந்த சுருதியில் பாடினார்கள். சுருதி உயர்ந்தாலும் சொல் சிதையக்கூடாது. சுந்தராம்பாளின் பாட்டைக் கேட்கும்போது ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். குரல் எவ்வளவு மேலே போனாலும் 'ழ'வும் 'ள'வும் 'ல'வும் தனித்தனியாகக் காதில் விழும். வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல உச்சரிப்புப் பாடம் எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்!

அவருடைய தொடக்ககால வேடங்களில் ஒன்று 'நல்லதங்காள்' நாடகத்தில், நல்லதங்காளின் பிள்ளை. பஞ்சத்தில் பசியால் துடிக்கும் குழந்தை வேடம். பசியை நேரிலேயே அறிந்த ஒரு சிறுமி, மேடையில் பசியைப் பாடினாள். பார்த்தவர்கள் அழுதார்கள் என்பதில் என்ன ஆச்சரியம்?

கொழும்பு மேடையும் கிட்டப்பாவும்

அந்தக் கால நாடகக் குழுக்களுக்குக் கடல் ஒரு தடையே இல்லை. தமிழர்கள் இருந்த இடமெல்லாம் அவர்களுக்கு மேடைதான். இலங்கைக்குப் போன சுந்தராம்பாளுக்கு அங்கே பெரிய ரசிகர் கூட்டம் சேர்ந்தது. அங்குதான் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு நடிக்கும் வாய்ப்பு வந்தது. 1906-இல் பிறந்த கிட்டப்பாவும் சிறு வயதிலேயே மேடையேறியவர், உச்ச சுருதியில் பாடுவதில் பேர் பெற்றவர். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் அவர் வேலன், இவர் வள்ளி. இருவரும் பாட்டிலேயே வாதாடுவதைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது.

1927-இல் மாயவரத்தில் இருவரும் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. மேடையில் இணைந்த அளவுக்கு வாழ்க்கையில் இணைய முடியவில்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை, பிரிவும் வந்தது. 1933 டிசம்பர் மாதம் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்றைய சமூகத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு மேடை என்பதே முடிந்துபோன விஷயம். சுந்தராம்பாள் வெள்ளைக் கதர்ப் புடவைக்கு மாறினார். வேறு எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். அப்படி ஒதுங்கியிருந்தவரைப் பொதுவாழ்வுக்கு அழைத்தவர்களில் காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி முக்கியமானவர். விடுதலைப் போராட்ட மேடைகளில் சுந்தராம்பாளின் பாட்டைக் கேட்கவே ஆயிரக்கணக்கில் மக்கள் கூடினார்கள்.

ஒரு லட்ச ரூபாய்

1935-இல் வந்தது 'நந்தனார்' படம். இதே ஆண்டில்தான் நம் சிங்கப்பூரில் தமிழ் முரசு நாளிதழை கோ. சாரங்கபாணி தொடங்கினார். காலத்தை நினைவில் வைத்துக்கொள்ள இது உதவும்.

சுந்தராம்பாளைப் படத்தில் நடிக்க வைக்கத் தயாரிப்பாளர் அசன்தாஸ் விரும்பினார். அவர் பெற்ற சம்பளம் ஒரு லட்ச ரூபாய். பல படங்களின் மொத்தச் செலவே அந்த அளவுக்கு வராத காலம் அது. ஒரு பெண்ணுக்கு, அதிலும் சமூகம் ஒதுக்கிவைக்கப் பார்த்த ஒரு பெண்ணுக்கு, அப்படி ஒரு தொகை!

வேடம் என்ன தெரியுமா? கதாநாயகி இல்லை, நந்தனார். ஆண் வேடம். அவரை அடக்கும் வேதியராக நடித்தவர் கர்நாடக இசை மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். தன் உறுதியையும் விடாமல், தன் கலையையும் விடாமல், இரண்டுக்கும் இடையே ஒரு வழியை அவரே கண்டுபிடித்தார். ராஜபார்ட்டும் பாலபார்ட்டும் போட்ட நாடக அனுபவம் இங்கே கைகொடுத்தது.

அதன் பிறகு அவர் ஏற்ற முக்கிய வேடங்களை வரிசையாகப் பாருங்கள். 1940-இல் மணிமேகலை. 1953-இல் ஜெமினி நிறுவனத்தின் ஔவையார். 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகள். 1965-இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையார். தமிழ் ஆசிரியர்களுக்கு இந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஒன்று புரியும். இவர்கள் எல்லாருமே நம் இலக்கியத்தில் யாருடைய மனைவியாகவும் அறியப்படாமல், தங்கள் சொல்லாலும் செயலாலும் அறியப்பட்ட பெண்கள். பசித்தவர்க்கு அமுதசுரபியிலிருந்து உணவிட்ட மணிமேகலையாக நடித்தவர், ஒரு காலத்தில் பசியால் அழும் குழந்தையாக நடித்தவர்தான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

1950களில் அவர் சென்னை மாநில சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் திரைக்கலைஞர் என்று அவரைச் சொல்வார்கள். 1969-இல் வந்த 'துணைவன்' படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது! 1970-இல் பத்மஸ்ரீ விருது. 1980-இல் மறைந்தார். சொந்த ஊரான கொடுமுடியில் ஒரு திரையரங்கமும் கட்டினார். காசுக்காகச் சிறுமி ரயில் ஏறிய அதே ஊரில்.

தென்னாப்பிரிக்காவில் இன்னொரு சிறுமி

இப்படி ஒரு வரலாறு நம் மொழியில் மட்டும்தான் நடந்ததா? இல்லை. தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபாவைப் பாருங்கள். 1932-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். பிழைப்புக்காக வீட்டில் மது காய்ச்சி விற்றதற்குத் தாய் சிறைக்குப் போனார், கைக்குழந்தையான மகேபாவும் கூடவே சிறையில் இருந்தார். பள்ளிச் சேர்ந்திசைக் குழுவில் பாடிய சிறுமி, பின்னர் மன்ஹாட்டன் பிரதர்ஸ் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போய்ப் பாடினார். 1959-இல் அவர் தோன்றிய ஒரு படம் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட பிறகு உலகம் அவரைக் கவனித்தது. அமெரிக்காவில் பாடகர் ஹாரி பெலஃபோன்டே துணையாக நின்றார். 1966-இல் இருவருக்கும் சேர்ந்து கிராமி விருது கிடைத்தது.

இங்கேயும் "பெலஃபோன்டே கண்டெடுத்தார்" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. ஆனால் அவரைச் சந்திக்கும் முன்பே பல வருடங்கள் மகேபா மேடையில் பாடியிருந்தார். அந்த உயர்வுக்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. 1960-இல் தாயின் இறுதிச் சடங்குக்குப் போக முயன்றபோது, தென்னாப்பிரிக்க அரசு அவருடைய கடவுச்சீட்டை ரத்து செய்திருந்தது தெரியவந்தது. இனவெறி அரசுக்கு எதிராக 1963-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பேசினார். 1990-இல்தான் நாடு திரும்ப முடிந்தது.

இருவருக்கும் நாடு வேறு, மொழி வேறு. ஆனால் வறுமையில் குடும்பத்தைத் தாங்கிய தாய், சின்ன வயதுப் பாட்டு, வெளிச்சம் படாத நீண்ட பயிற்சி, பிறகு தன் மக்களுக்காக அதே குரல், எல்லாம் ஒத்துப்போகின்றன. கட்டுரையில் ஒப்பிட்டு எழுத நல்ல ஜோடி இது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

"ஒருவர் கண்டெடுத்தார், உயர்ந்தார்" என்று திரும்பத் திரும்ப எழுதினால் ஒரு மாணவர் என்ன கற்றுக்கொள்வார்? நமக்கும் யாராவது வரும்வரை காத்திருக்கலாம் என்றுதானே? வாய்ப்பு வந்தபோது சுந்தராம்பாள் தயாராக இருந்தார். ரயில் பெட்டியும் நாடகக் கொட்டகையும் அவரைத் தயார் செய்திருந்தன. அதே சமயம், "கஷ்டப்பட்டால்தான் கலை வரும்" என்றும் நாம் சொல்லிவிடக்கூடாது. எந்தக் குழந்தையும் காசுக்காக ரயிலில் பாட வேண்டிய நிலை வரக்கூடாது. அவர் வென்றார் என்பதால் அந்த வறுமை நல்லதாகிவிடாது. அவரைப் போலப் பாடி, யார் காதிலும் விழாமலேயே போன சிறுமிகள் எத்தனையோ பேர்.

மாணவர்களுக்கு மூன்று குறிப்புகள்:

ஒன்று, "மிகவும் உழைத்தார்" என்று எழுதாதீர்கள், என்ன உழைப்பு என்று எழுதுங்கள். ஒலிபெருக்கி இல்லாமல் விடியும்வரை பாடினார் என்பது ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டு, ஆண்டுகளை வரிசைப்படுத்துங்கள். 1908, 1926, 1933, 1935, 1953, 1969 என்ற ஆறு ஆண்டுகள் போதும், ஒரு முழுக் கட்டுரைக்கு எலும்புக்கூடு தயார்.

மூன்று, உதவியவரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினால், சாதித்தவர் தாமே எடுத்த முடிவுகளைப் பற்றி மூன்று வாக்கியமாவது எழுதுங்கள்.

வகுப்பில் கலந்துரையாட:

1. தாயின் பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொண்டது எதைக் காட்டுகிறது என்று நினைக்கிறீர்கள்?

2. கண்டெடுத்தவர் பற்றிய இரண்டு கதைகளில் எதை ஏற்பீர்கள்? உங்கள் காரணம் என்ன?

3. இன்று தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் பாடும் சிறுவர்களுக்கும் ரயிலில் பாடிய சுந்தராம்பாளுக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமை என்ன?

4. உங்கள் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ கே.பி.எஸ். பாட்டைக் கேட்டு வளர்ந்த ஒரு முதியவரைப் பேட்டி கண்டு, 120 சொற்களில் எழுதுங்கள்.

ஆசிரியர்களே, நான்காவது கேள்வியைத் தவறாமல் கொடுங்கள். அந்தக் குரலை இசைத்தட்டில் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்மிடையே குறைந்துகொண்டே வருகிறது. அவர்கள் இருக்கும்போதே மாணவர்கள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.